ஷாஃப்ட் வாசலில் வெள்ளைத் துணி

ஃப்ளோரா விரிப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து, இரண்டு கையாலும் இழுத்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு சர்ரென்று நீளவாக்கில் கிழிந்தது. அதைக் குறுக்கே துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டையும் நாலாக மடித்து, மூலைக்கு ஒரு நாடா வைத்துத் தைத்தாள். வாசலில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் ஆடிக் காற்று மடியில் இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு போகும். அதனால் கதவைச் சாத்தி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்து, பகலிலேயே விளக்கைப் போட்டிருந்தாள். அப்படியும் தைத்த துணியை உதறினால் மாவு போல் பறந்தது.

"ஏன்மே ஃப்ளோரா, பட்டப்பகல்ல லைட்டு போட்டுகினு இன்னா தையல்? யாருக்குக் கல்யாணம்?"

முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பார்வதம்மா வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் என்பது ஒரு மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் ஃப்ளோரா தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து பார்வதம்மா கஷாயத்துக்குச் சாமான் சொல்வாள்.

"கதவைச் சாத்துக்கா மொதல்ல. மேடு பூரா உள்ள வருது."

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேந்து மேடு உள்ளதான் வருது. ரேஷன் கார்டுல பேர் சேக்காததுதான் பாக்கி." பார்வதம்மா ஒரு துணியை எடுத்து மூக்கின்மேல் வைத்துப் பார்த்தாள். "டாக்டரம்மா மாதிரி கீறனா?"

"ஊசி போட வந்த கம்பவுண்டர் மாதிரி கீறே. நாடாவைக் காதுக்கு மேல கட்டு."

மேடு என்றால் சயனைட் மேடு. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய கல்மாவை நூறு வருஷமாகக் கொட்டிக் கொட்டி, தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் அது மலையாக எழுந்திருந்தது. புல் முளைக்காது, மாடு ஏறாது. ஆடி பிறந்தால் காற்று அதை வாரி எடுத்து, சோற்றுப் பானையிலும் குழந்தையின் தொட்டிலிலும் கொட்டும். பெங்களூரில் நர்ஸ் படிக்கிற ஃப்ளோராவின் மகள் ஆடி மாதத்தில் ஊருக்கு வருவதையே விட்டுவிட்டாள். வந்தால் இருமலோடுதான் திரும்புவாள்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. போன வருஷமும் இதே பேச்சுதான், ஆனால் போன வருஷம் யாரும் நம்பவில்லை. இப்போது டீக்கடையில் கூட ஆட்கள் உட்கார்ந்து குடிப்பதில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு, ஏதாவது சேதி உண்டா என்று அடுத்த கடைக்குப் போனார்கள். ஃப்ளோராவும் அப்படித்தான் இருந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலில் நின்றதும் அடுப்பு ஞாபகம் வரும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சுரங்கத்தை மூடாதே என்று யூனியன் கேட்கிறதல்லவா, அதே வாயால், அதே மேடையில், மேட்டை மண் போட்டு மூடு என்றும் கேட்க வேண்டும். மண் கொட்டி, கத்தாழை நட்டு, காற்றுக் காலத்தில் தண்ணீர் அடித்தால் தூசி அடங்கும். அந்த வேலைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆள் சுரங்கத் தொழிலாளியாகவே இருக்கட்டும். இதைத்தான் அவள் இரண்டு வருஷமாகக் குழாயடியிலும் மாதர் சங்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி அல்ல இது. அவளுடைய அப்பா பூமிக்கடியில் பாறை வெடித்துச் செத்தவர். அங்கே அதற்கு பர்ஸ்ட் என்று பெயர். சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறான ஷாஃப்டின் வாசலில் அம்மா காத்துக் கிடந்ததும், பிறகு ஆஸ்பத்திரி ஆட்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்ததும் ஃப்ளோராவுக்கு நன்றாக நினைவிருந்தது. வளர்ந்தபின் ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலை கிடைத்தது. பிள்ளை பெற்றவர்களைப் பார்த்தாள், பிறகு எலும்பு முறிந்தவர்களை, கடைசியில் நெஞ்சு வார்டுக்குப் போட்டார்கள். அங்கிருந்து எல்லோரும் மாற்றல் கேட்டு ஓடிவிடுவார்கள். ஃப்ளோரா ஓடவில்லை. கல்தூசி புகுந்த நுரையீரலோடு படுக்க முடியாமல் தலையணை அடுக்கிச் சாய்ந்து கிடப்பவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, துப்பல் கோப்பையைக் கழுவி வெந்நீர் ஊற்றி வைப்பது, முதுகைத் தட்டிவிடுவது எல்லாம் அவள் வேலை. பார்வதம்மாவின் புருஷன் அந்த வார்டில்தான் போனார். ஃப்ளோராவின் புருஷன் ஆர்தர் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர் மேஸ்திரி. ராத்திரியில் அவன் மூச்சு விடும் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை வருஷம் என்று அவளால் கணக்குப் போட முடியும். போடமாட்டாள்.

யூனியன் செயலாளர் ஜெயகரன் வேற்று ஆள் இல்லை. அதே லைனில் பிறந்தவன், சின்ன வயதில் முட்டி உடைத்துக்கொண்டு வந்தால் ஃப்ளோராதான் மருந்து போடுவாள். இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். போன வாரம் யூனியன் ஆபீசில் இருவருக்கும் நடந்த பேச்சு இது.

"அக்கா, தில்லியில குந்திகினு கீறவன் இன்னா தேடறான்? மூடறதுக்கு ஒரு சாக்கு. 'இந்தச் சுரங்கம் எங்களைச் சாவடிக்குது'ன்னு நாமளே போயி சொன்னா, 'அப்பிடியா, பாவம், மூடிடலாம்'னுவான். சோத்துக்கு இன்னா பண்றது?"

"மூடிட்டா மேடும் மூட்டை கட்டிகினு போயிடுமா ஜெயா?"

"போவாது."

"அப்ப யாரைப் போயி கேக்கறது? கம்பெனி கீறப்பவே கேக்கணும். கதவைப் பூட்டிகினு போனவன் வீட்டுக் கதவைத் தட்டி இன்னா பிரயோசனம்?"

"மொதல்ல வேலை. அப்புறம் தூசி."

"அந்த அப்புறத்துக்குள்ள நான் வார்டுல எத்தினி பெட்டை மாத்தணும்?"

ஜெயகரன் பெஞ்சிலிருந்து எழுந்து, சுவரில் சரியாகத்தான் இருந்த கொடியைச் சரி செய்தான். "வெளிநாட்டுத் தோழர் வர்றாரு. அன்னிக்கு மட்டும் எதுவும் வேணாம், அக்கா. உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன்."

வெளிநாட்டுத் தோழர் என்றது மொலேஃபே என்ற தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளியை. வேலையும் வேண்டும், காற்றும் தண்ணீரும் கெடக்கூடாது என்று பல தேசத்து யூனியன்காரர்கள் பெங்களூரில் கூட்டம் போட்டிருந்தார்கள். பூமி சூடாகிறது, மழை தப்புகிறது, அதற்குத் தொழிலாளி என்ன செய்வது என்றெல்லாம் பேசினார்களாம். அதற்கு வந்தவர், ஒரு நாள் தங்க வயலையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் அவரை ஷாஃப்ட் வாசலுக்குக் கூட்டி வருவதாகவும், சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் என்றும் ஏற்பாடு.

மேடை கிடைக்காது என்று தெரிந்துபோயிற்று. அப்படியானால் வாசலில் நிற்கலாம் என்று ஃப்ளோரா முடிவு செய்தாள். கோஷம் வேண்டாம், சண்டை வேண்டாம். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றால் வருகிறவர் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்லலாம். பெண்களைத் தவிர யாரிடமும் முன்கூட்டி மூச்சு விடவில்லை. விட்டால் தடுப்பார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலை டியூட்டி. முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்ற நேரமில்லை. ஆஸ்பத்திரி வெள்ளைப் புடவையோடு, துணிக் கட்டை இடுக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் அவர்கள் லைன் பெண்கள் மட்டுமே.

"இவ்ளோதானா?" என்றாள் ஃப்ளோரா.

"மத்தவங்க அல்லாம் சீரியல் பாக்கறாங்க," என்றாள் பார்வதம்மா. "கட்டுமே, போவலாம். நின்னா காத்து நம்மளையும் மேட்டுல கொண்டுபோய் சேத்துடும்."

வாசல் பக்கம் பெண்கள் போவது வழக்கமில்லை. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனால்கூடத் தெருமுனையில் நின்று யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வாசல்வரை போகிற நாள் ஒன்றே ஒன்றுதான், பர்ஸ்ட் ஆன நாள். அதைப் பற்றி அவர்களில் யாரும் அப்போது நினைக்கவில்லை. ஃப்ளோராவாவது நினைத்திருக்க வேண்டும். பர்ஸ்ட் ஆன நாட்களில் அவளே இதே புடவையில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையில் விரிப்புகளோடு அந்த வாசலில் நின்றிருக்கிறாள். நாள் கழித்து எடுக்கிற உடல்களுக்கு அந்தத் துணி இல்லாமல் கிட்டப் போக முடியாது. ஆனால் நாலைந்து நாளாகத் தைத்துத் தைத்து, அவள் கண்ணுக்கு அது தூசித் துணியாக மட்டுமே தெரிந்தது.

ஷாஃப்டுக்கு எதிரே, ஆட்கள் போகிற கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் எஞ்சின் வீடு. அதில் டிரைவர் சம்பங்கி, ஒரு கை பிரேக்கிலும் ஒரு கண் ஜன்னலிலுமாக இருந்தான். காலை ஷிப்ட் ஆட்களோடு கேஜ் மேலே வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தான். தூசியில் வெள்ளை வெள்ளையாகப் பெண்கள். முகத்தில் துணி. முன்னால் நெஞ்சு வார்டு ஃப்ளோரா, கையில் விரிப்புக் கட்டோடு.

பர்ஸ்ட் என்றால் சம்பங்கிக்கு விதி ஒன்றுதான். கேஜ் எங்கே இருந்தாலும் நிறுத்து. ஷாஃப்ட் நெளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்காதே. பூமி ஆடியதா என்று அவனால் சொல்ல முடியாது. அன்று காலையிலிருந்தே காற்றில் தகரக் கூரைகள் எல்லாம் இடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. பிரேக்கை அழுத்தினான்.

மேலே, கோபுரத்து உச்சியில், கேஜின் வடம் ஓடும் சக்கரம் நின்றது.

ஃப்ளோரா அண்ணாந்து பார்த்தாள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அந்தச் சக்கரம் நிற்காது. நின்றால் ஒரே காரணம். ஆர்தர் காலை ஷிப்ட்.

"அக்கா, சக்கரம்..."

"பாத்தேன்," என்றாள் பார்வதம்மா. அவள் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

கீழே இறங்கக் காத்திருந்த மதிய ஷிப்ட் ஆட்கள் பெண்களைப் பார்த்தார்கள், சக்கரத்தைப் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் பக்கம் பறந்தான். அதன்பின் யாராலும் எதையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. சந்து சந்தாகப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் கரண்டி, இன்னொருத்தி தலையில் பாதி தேய்த்த எண்ணெய். செருப்பு யாருக்கும் இல்லை. இரண்டு வருஷமாக ஃப்ளோரா கூப்பிட்டு வராதவர்கள் எல்லாம் மூச்சிரைக்க வந்து வாசலை நிரப்பினார்கள்.

ஃப்ளோராவின் கை தானாக வேலையில் இறங்கிவிட்டது. "வழி விடுங்க! ஸ்ட்ரெச்சர் வர்றதுக்கு வழி விடுங்க! அழுவாதே, அழுதா பேர் கூப்புடறது கேக்காது!" என்று கத்தி, இரண்டு பக்கமும் ஆட்களை ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே எஞ்சின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

"சம்பங்கிண்ணே! எந்த லெவல்? யாரு?"

சம்பங்கி பிரேக்கை விடாமல் தலையை நீட்டினான். "நீதான் சொல்லணும்! யாருக்கு இன்னாமே ஆச்சு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? சக்கரத்தை நீதானே நிறுத்துனே?"

"உன்னைப் பாத்துதானேமே நிறுத்துனேன்!"

ஃப்ளோரா கையிலிருந்த துணியைப் பார்த்தாள், தன் புடவையைப் பார்த்தாள். முகத்துத் துணியை இழுத்துக் கழுத்தில் தள்ளினாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல," என்றாள். "கேஜை மேல இழு."

சம்பங்கி வைத வசவை இங்கே எழுத வேண்டாம். கீழே ஒவ்வொரு தளமாகப் போன் பண்ணி, எல்லா லெவலிலும் ஆட்கள் சரியாக இருக்கிறார்களா என்று கேட்டு, ஷாஃப்டைப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகே இழுத்தான். அதுவரை கேஜ் இருட்டில், கிணற்றுச் சுவர் நீர் மேலே சொட்டச் சொட்ட, அந்தரத்தில் தொங்கியது.

கதவு திறந்தது. முதலில் வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். ஆர்தர் நாலாவதாக வந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. மூச்சுக்கு இழுத்து இழுத்து நின்றான்.

"யாரு?" என்றான்.

"யாரும் இல்லீங்க."

"யாரும் இல்லன்னா?"

"நாங்க தூசிக்காக வந்து நின்னோம். அவரு தப்பா நினைச்சுகினாரு."

ஆர்தர் அவளை நிதானமாகப் பார்த்தான். "உள்ள தொங்கிகினு இருந்தமே, கூட இருந்த பெரியவர் ஒருத்தர் ஜெபம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. மேல போனா யாரு வீட்டுல அழுவாங்கன்னு ஒருத்தன் மூஞ்சை ஒருத்தன் பாத்துகினு கீறோம். நீ தூசிக்கு வந்தியா?" கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

யாரும் சாகவில்லை என்ற சேதி பின்வரிசைக்குப் போகப் போக, முதலில் அழுகை, அப்புறம் சிரிப்பு, அப்புறம் கோபம் என்று வந்தது. "இன்னா வெளையாட்டு இது?" என்று ஒருத்தி கரண்டியை ஓங்கினாள். "எம் புள்ளைக்குப் பாலு அடுப்புல கீது!" "வெள்ளையைக் கட்டிகினு வந்து நிக்கறாளே, வெக்கங்கெட்டவ!" எங்கிருந்தோ ஒரு மண்கட்டி வந்து விழுந்தது.

"யார் வூட்டு மண்ணுமே அது?" என்று பார்வதம்மா திரும்பிக் கத்தினாள். "மேட்டு மண்ணா? அப்ப போடு, போடு, அவ்ளோ குறையட்டும்!"

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் ஃப்ளோரா தண்டவாளத்தில் கிடந்த, கல் ஏற்றும் காலி டிராம் வண்டிமேல் ஏறினாள். பேசுவதற்கு எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"தப்புதான்," என்றாள். "இந்தத் துணியோட இங்க வந்திருக்கக் கூடாது. கேஜுல தொங்குனவங்க கிட்டயும் உங்க கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா ஒண்ணு கேளுங்க. ஒரே நாள்ல செத்தா அடுப்பை அப்பிடியே போட்டுட்டு ஓடி வர்றோம். எங்க வார்டுல போன வாரம் ஒருத்தர் போனாரு. அதுக்கு முந்தின வாரம் ஒருத்தர். யாரு ஓடி வந்தீங்க? நானுந்தான் ஓடல. பெட்டை மாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன். உள்ள தூசி தின்னுட்டு வந்தவருக்கு வீட்டுல வந்தும் தூசிதான். நமக்கும் புள்ளைங்களுக்கும் அதான். அவ்ளோதான். போங்க, பாலு தீஞ்சுடப் போவுது."

இறங்கிவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. ஆனால் உடனே யாரும் போகவுமில்லை.

அந்த நேரத்துக்குத்தான் ஜீப் வந்து நின்றது. ஜெயகரன் குதித்தான். பின்னால் உயரமாக, மழித்த தலையோடு மொலேஃபே இறங்கினார். ஆயிரம் பெண்கள் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து, என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். வார்டில் டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஃப்ளோராவுக்கு அந்த பாஷை காதில் ஏறும், வாயில்தான் வராது.

உங்களை வரவேற்க வந்திருக்கிறார்கள் என்றான் ஜெயகரன்.

மொலேஃபே நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, வீடுகளுக்குப் பின்னாலிருந்து புகைந்துகொண்டிருந்த மேட்டைக் காட்டி அதையும் கேட்டார். மில் மணல், பழசு, என்றான் ஜெயகரன், எஞ்சின் வீட்டு ஜன்னல்வரை கேட்கிற குரலில். மொலேஃபே இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயகரன் அவரை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஃப்ளோராவைத் தனியே இழுத்தான். "ஷிப்டு நின்னுபோச்சு அக்கா. நாளைக்கு இன்னா சொல்லுவான் தெரியுமா? சட்டவிரோத ஸ்டிரைக்கும்பான். யூனியன்தான் பண்ணுச்சும்பான். அவனுக்கு வேண்டிய சாக்கைத் தட்டுல வெச்சுக் குடுத்துட்டே. சாயங்காலம் மேடையேறி மன்னிப்புக் கேக்கணும். கமிட்டியும் அதான் சொல்லும்."

"கேட்டுட்டேனே."

"மைக்குல கேக்கணும்."

"சரி," என்றாள் ஃப்ளோரா. "மைக்கு குடு."

சொன்னபிறகுதான், இரண்டு வருஷமாகக் கிடைக்காத மேடை இப்படிக் கிடைத்திருக்கிறது என்று இருவருக்கும் உறைத்தது.

சாயங்காலத்துக்குள் காற்று அடங்கவில்லை. மேடைத் துணி பட்பட்டென்று அடித்தது, கொடிகள் கம்பத்தில் சுருட்டிக்கொண்டன. ஃப்ளோராவால் உட்கார முடியவில்லை. மைதானத்து ஓரத்தில் போகவும் வரவுமாக இருந்தாள். ஆர்தரைத் தேடினாள். கூட்டத்தின் கடைசியில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தான். வந்திருக்கிறானே, அதுவரை சரி.

மைக்கில் அவள் இரண்டு விஷயம்தான் பேசினாள். கேஜில் தொங்கியவர்களிடம் மன்னிப்பு. அடுத்து, "வேலை போவக் கூடாதுன்னு கேக்கற இதே வாயால மேட்டை மூடுன்னும் கேளுங்க. கம்பெனி நாளைக்குப் போயிடலாம். மேடு போவாது. அப்ப நம்ம பேச்சைக் கேக்க யாரும் இங்க இருக்க மாட்டாங்க." ஜெயகரனின் அப்பாவும் அவள் வார்டில் கிடந்து போனவர்தான். அதைச் சொன்னால் மைதானமே அவள் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. வார்டில் பார்த்ததை வீதியில் போடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

மொலேஃபே ஜெயகரன் பக்கம் சாய்ந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜெயகரன் சும்மா இருந்தான். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"சொல்லு தோழரே!" என்று ஒரு குரல் வந்தது. சம்பங்கி. "கேஜை நிறுத்துனவன் நான். எனக்கே கோவம் ஆறிடுச்சு. அவ சொன்னதை அப்பிடியே சொல்லு. மில்லு மணலுன்னு சொல்லாதே!"

சிரிப்பு எழுந்தது. ஜெயகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான், தூசியா வேர்வையா தெரியாது. பிறகு முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னான். ஒரு வார்த்தையும் விடவில்லை. ஃப்ளோரா பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

மொலேஃபே பேசினார், ஜெயகரன் தமிழில் சொன்னான். "எங்க ஊர்லயும் இதே மேடு கீதாம். மஞ்சளா இருக்குமாம். காத்து வந்தா அங்கயும் கதவைச் சாத்திகினு குந்துவாங்களாம். அங்கயும் பொம்பளைங்க கேட்டாங்களாம். யூனியன் 'மொதல்ல வேலை'ன்னுச்சாம். ரெண்டு ஷாஃப்டை மூடிட்டாங்க. வேலையும் போச்சு. மேடு அங்கயேதான் கீதாம்." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப கேக்கறாங்களாம். இன்னும் ஒண்ணும் நடக்கலையாம். பொய் சொல்ல நான் வரல, ஆனா போய் எங்க ஆளுங்க கிட்ட இதைச் சொல்லுவேன், நீங்க கேக்கறப்ப நாங்களும் கேப்போம், ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி கேப்போம்னு சொல்றாரு."

"அங்க கத்தாழை மொளைக்குமான்னு கேளு," என்றாள் கீழேயிருந்து பார்வதம்மா.

கேட்டார்கள். முளைக்குமாம்.

மேட்டை மூடும் கோரிக்கையைச் சுரங்கக் கோரிக்கையோடு சேர்ப்பதா என்று ஜெயகரன் கை தூக்கச் சொன்னான். பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். ஆண்களில் தூக்கியவர்களும் உண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களும் உண்டு. "வேலைக்கு உலை வெச்சுட்டீங்கடா," என்று ஒரு பெரியவர் எழுந்து போனார். அவர் சொன்னது தவறு என்று ஃப்ளோராவால் அடித்துச் சொல்ல முடியவில்லை. எந்தப் பக்கம் அதிகம் என்று ஜெயகரன் எண்ணவில்லை. "சரி. சேத்தாச்சு," என்றான். "நாளைக்குக் காலையில ஷாஃப்டு வாசல்ல கேப்போம். சேந்தே கேப்போம்."

வீட்டில் ஆர்தர் பேசாமல் சாப்பிட்டான். ஃப்ளோரா மிச்சமிருந்த துணிகளை அலசினாள். ஆர்தர் கையைக் கழுவி எழுந்தபோது, அவளைப் பார்க்காமலே சொன்னான்: "நாளைக்கு அதை வெள்ளையா எடுத்துகினு வராதே."

"வேற துணிக்கு எங்க போறது?"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்வதம்மாவின் குரல் வந்தது. "எங்கிட்ட மஞ்சள் கீது. ஒரு கிலோ அரைச்சு வெச்சிருக்கேன். எதுனா சட்டி குடு, கொண்டாரேன்."

"ஒட்டுக் கேக்கறியாக்கா?"

"ஒட்டுக் கேக்கறதுக்கு நீங்க எங்கமே பேசிகினீங்க? ஒரு மணி நேரமா காதை வெச்சுகினு கீறேன், இப்பதான் ஒரு வார்த்தை வருது!"

ஆர்தருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறியது. ஃப்ளோரா முதுகைத் தட்டிவிட்டாள். அடுப்பில் அண்டாவை ஏற்றி, மஞ்சளைக் கரைத்து, துணிகளைப் போட்டுக் கிண்டினாள்.

மறுநாள் காலை, விடிந்தும் விடியாமல், ஃப்ளோரா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு முதலில் எஞ்சின் வீட்டுக்குப் போனாள். ஜன்னலைத் தட்டினாள்.

"சம்பங்கிண்ணே, யாரும் சாவல. நாங்க நிக்கப் போறோம். மஞ்சத் துணி. நீ பாட்டுக்கு இழு."

"எத்தினி பேரு?"

"தெரியல. வர்றாங்க."

"எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போ. இந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தர மாட்டேங்கறான்."

வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நேற்று கரண்டி ஓங்கியவளும் வந்திருந்தாள், இன்றைக்கும் முறைத்துக்கொண்டுதான். ஒரு பக்கம் யூனியன் கொடியோடு ஜெயகரன். 'மூடாதே' என்று அவன் குரல் கொடுக்க, 'மூடு' என்று பெண்கள் மேட்டைக் கை காட்டினார்கள். முதலில் இரண்டும் முட்டிக்கொண்டன. பார்வதம்மா முன்னால் வந்து, "சுரங்கத்தை மூடாதே, மேட்டை மூடு!" என்று ஒரே மூச்சில் கத்திக் காட்டியபின் சரியாக வந்தது. சக்கரம் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு ஃப்ளோரா ஆளுக்கொரு துணி நீட்டினாள். சிலர் கட்டிக்கொண்டார்கள். சிலர் வாங்கிப் பையில் வைத்தார்கள். ஒருவன் அதைக் கொண்டு விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நன்றாகத் துடைக்கிறது என்றான். ஆர்தர் வரிசையில் வந்தான். இரண்டு வாங்கினான், ஒன்றைத் தன் ஜோடிக்காரனிடம் கொடுத்தான், கேஜில் ஏறினான்.

கேஜ் இறங்கியதும் ஃப்ளோரா மிச்சத் துணிகளைப் பார்வதம்மாவிடம் தந்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். வார்டில் அன்று புதிதாக ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். அவருக்குத் தலையணை அடுக்கினாள்.